தொடையில் இறங்கிய ஊசி

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, மலைநாடு இறங்கி வறண்ட வலயம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது தம்புள்ளை. இந்தப் பக்கத்து மனிதரின் அன்றாடம் முழங்காலை நம்பியே நடக்கிறது. வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்க வேண்டும். பாயில் சம்மணமிட்டுச் சாப்பிட வேண்டும். கோயிலிலும் விகாரையிலும் பள்ளிவாசலிலும் தரையில் அமர வேண்டும். மலக்கூடத்திலும் குந்தத்தான் வேண்டும். இப்படியான ஊரில் ஒரு பிள்ளையின் முழங்கால் மடங்க மறுத்தால் அது சிறிய ஊனமல்ல. அந்தப் பிள்ளை காலை விறைப்பாக வைத்து, பக்கவாட்டில் வீசி நடக்கும். குந்தச் சொன்னால் பின்பக்கம் சாயும். குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலை மடக்கினால், இடுப்பு தானாக மேலே எழும். தொடையின் முன்புறத்தில் தோல் சில இடங்களில் குழிந்து, உள்ளே எதனோடோ ஒட்டிக் கிடக்கும். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. தொடையின் முன்பக்கத்து நாற்றலைத் தசை சுருங்கித் தழும்பாகிவிட்ட நோய் இது. இதன் வரலாற்றை மருத்துவ நூல்கள் பெரும்பாலும் சத்திர சிகிச்சை நிபுணர்களின் பெயர் வரிசையாகவே சொல்கின்றன: இன்னார் இன்ன முறையில் வெட்டினார், இன்னார் அதைத் திருத்தினார் என்று. அந்த வரிசை பிழையானதல்ல. ஆனால் அது பாதிக் கதை. இந்த நோயை உண்டாக்கியது பெரும்பாலும் மருத்துவத்தின் சொந்த ஊசிதான். சத்திர சிகிச்சைக் கத்தி செய்த பெரிய உதவி, காலை மடக்கிக் கொடுத்தது என்பதைவிட, அந்த ஊசிக்கு எதிரான சாட்சியத்தைத் திரட்டிக் கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஊசிக்கு அவ்வளவு நம்பிக்கை எப்படிக் கிடைத்தது என்பதைப் புரிந்துகொள்ள, தம்புள்ளையைச் சூழ்ந்த வறண்ட வலயத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தார்கள். வட பாதை என்று அழைக்கப்பட்ட அந்த வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். பாதையின் இருபுறமும் இருந்த குளக்கரைக் கிராமங்களின் நிலைமையும் மேலானதாக இல்லை. மலேரியா அங்கே நிரந்தரக் குடியிருப்பாளன். அதோடு பறங்கி நோய்: உடலெல்லாம் புண்ணாகி, எலும்பு வரை அரித்து, பிள்ளைகளை முடமாக்கிய தொற்று. அதைப் பற்றி இலங்கையின் முதன்மைச் சிவில் மருத்துவ அதிகாரி கின்சி 1881இல் தனி அறிக்கையே எழுதினார். 1905இல் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்டெல்லானி அந்நோயின் கிருமியை நுண்நோக்காடியில் கண்டார். ஐந்து ஆண்டுகளின் பின் ஜேர்மனியில் எர்லிக் உருவாக்கிய ஆர்செனிக் மருந்து சல்வர்சான் வந்தது. அது விழுங்கும் மருந்தல்ல, ஊசியால் ஏற்றப்படுவது. ஆண்டுக்கணக்கில் எந்தக் கசாயத்துக்கும் எண்ணெய்க்கும் அடங்காத புண்கள், சில ஊசிகளில், சில வாரங்களில் காய்ந்து உதிர்ந்தன. அதைக் கண்ணால் பார்த்த கிராமத்தவருக்கு ஊசியைப் பற்றி வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. 1934-35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். குனைன் கலவைதான் அப்போது பெருமளவில் கொடுக்கப்பட்டது. ஆனால் அட்டெப்ரின் என்ற புதிய மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்த முயற்சிகளும் அக்காலத்தில் இலங்கையிலேயே நடந்தன. இரண்டாம் உலகப் போரின் பின் பென்சிலின் வந்தது. 1952க்கும் 1964க்கும் இடையில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பல நாடுகளில் நடத்திய பறங்கி ஒழிப்பு இயக்கத்தில், ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு நீண்ட நாள் நின்று வேலைசெய்யும் பென்சிலின் ஊசி போடப்பட்டது.

ஊசி மேல் இந்நாட்டு மக்கள் வைத்த நம்பிக்கையை அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த நம்பிக்கை அனுபவத்தில் விளைந்தது, சரியான அனுபவத்தில். பிழை அடுத்த படியில் நேர்ந்தது. பறங்கிக்கு நிரூபணமான கருவி, பெயர் தெரியாத எல்லாக் காய்ச்சலுக்கும் பரவியது. பிரித்தானிய ஆய்வாளர் வியாட் 1984இல் எழுதிய கட்டுரையில் இந்தத் தொடர்பைத்தான் எடுத்துக்காட்டினார். பறங்கி போன்ற நோய்களுக்கு எதிரான இயக்கங்களே ஏழை நாடுகளில் ஊசி மோகத்துக்கு விதையிட்டன என்பதும், தேவையற்ற ஊசிகள் போலியோத் தொற்றுள்ள பிள்ளைகளில் வாதத்தைத் தூண்டிவிட்டன என்பதும் அவர் முடிவுகள். மருத்துவர் ஊசி போடாவிட்டால் வைத்தியம் பார்க்கவில்லை என்று தாய் நினைக்கிறாள். தாய் அப்படி நினைக்கிறாள் என்று மருத்துவர் நினைக்கிறார். இருவருமாகச் சேர்ந்து ஒரு வழக்கத்தைக் கட்டிவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டளவில் வளர்முக நாடுகளில் ஆண்டுக்கு 1,600 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் பெரும்பகுதி தேவையற்றவை என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்தது. தடுப்பூசிகள் அந்தத் தொகையில் இருபதில் ஒரு பங்குதான்.

ஊசி ஏன் தொடைக்குப் போனது என்பதற்கும் ஒரு நியாயமான காரணம் உண்டு. பச்சிளம் பிள்ளையின் பிட்டத்தில் சதை குறைவு. அதற்குள்ளால்தான் காலுக்குப் போகும் பெரிய நரம்பு செல்கிறது. ஊசி அந்த நரம்பில் பட்டாலோ, மருந்து அதன் அருகில் தேங்கினாலோ பாதம் தொங்கிப்போகும். இந்த ஆபத்து தெரிந்த பின், பெரிய நரம்பு இல்லாத தொடையின் முன்-வெளிப்புறமே பாதுகாப்பான இடம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். நல்ல நோக்கத்தோடு எடுத்த, பெரும்பாலும் சரியான முடிவு அது. ஆனால் தொடைத் தசையில் கொட்டப்பட்ட மருந்துகள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. ரெற்றாசைக்கிளின், குளோரம்பெனிக்கோல், காய்ச்சல் தணிக்கும் மருந்துகள், குனைன் போன்றவற்றின் ஊசிக் கரைசல்கள் தசையை எரிக்கக்கூடியவை. ஒன்றிரண்டு மில்லிலீற்றர் ஒரு வளர்ந்தவருக்கு அற்பம்; கைக்குழந்தையின் தொடையில், எலும்பை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய நடுத்தசைக்குள் அது ஒரு பெரும் சுமை. அமுக்கத்தால் இரத்தவோட்டம் தடைப்பட்டு, மருந்தின் எரிவும் சேர்ந்து, தசைநார்கள் செத்து, அந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. நாள் தவறாமல் அதே தொடையில் ஊசி இறங்கினால் தழும்பு தழும்போடு இணைகிறது. தழும்புக்கு வளரத் தெரியாது. பிள்ளையின் தொடை எலும்போ வளர்ந்துகொண்டே போகிறது. ஆகவே ஊசி நின்று ஆண்டுகள் கடந்த பிறகு, பிள்ளை நடந்து ஓடத் தொடங்கிய பிறகு, முழங்கால் மெல்ல மெல்ல விறைக்கிறது. காரணமும் விளைவும் இத்தனை தொலைவில் நிற்பதால்தான் இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர்கள் சத்திர சிகிச்சை நிபுணர்கள். ஆனால் உடனே அல்ல. பிராக் நகரின் நெவ்கோவ்ஸ்கி 1961இல் பிரித்தானிய எலும்பு மூட்டு மருத்துவ ஏட்டில் இந்தப் பிள்ளைகளை விவரித்தபோது, நடுத்தசையில் தழும்பு பெருகிக்கொண்டே போகும் நோய் என்றுதான் அதற்குப் பெயரிட்டார், காரணம் விளங்கவில்லை. அதே ஆண்டு அதே ஏட்டில் ஒரே கருவில் உருவான இரட்டையர் இருவருக்கும் இந்நோய் இருந்ததாக ஒரு பதிவு வந்தது. பிறவிக் குறை என்ற எண்ணத்துக்கு அது பெரிய பலமாகத் தெரிந்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1964இல், அதே ஏட்டில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன: ஒன்று சிங்கப்பூரிலிருந்து கன் எழுதியது; மற்றது இலண்டனிலிருந்து லொயிட்-றொபேட்ஸும் தோமஸும் எழுதியது. கண்டங்கள் வேறு, பிள்ளைகள் வேறு. தாய்மாரிடம் கேட்டுப் பார்த்தபோது கிடைத்த பதில் ஒன்று. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது கடும் நோயுற்றுத் தொடையில் ஊசிகளோ திரவமோ ஏற்றப்பட்டிருந்தது. 1980இல் இந்தியாவிலிருந்து முகர்ஜியும் தாஸும் எழுதியபோது, நோயின் பெயரிலேயே ஊசியைச் சேர்த்துவிட்டார்கள். அறுவை அறையில் மயக்கமருந்து கொடுத்த பின்னும் முழங்கால் மடங்குவதில்லை. தொடையைத் திறந்தால் சிவந்த தசை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, கத்திக்கு நறநறக்கும் பட்டை. அந்தப் பட்டை ஊசி இறங்கும் பாதையிலேயே கிடந்தது. நோயாளியின் கடந்தகாலத்தைத் தசையில் எழுதிக் காட்டிய சாட்சியம் அது.

பிறவிக் குறை என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. பிறக்கும்போதே முழங்கால் விறைத்த பிள்ளைகள் உண்டு; மூட்டுகள் பல ஒன்றாக இறுகிப் பிறக்கும் நோய்களும் உண்டு. ஆனால் அவற்றில் விறைப்பு பிறந்த அன்றே தெரியும். பிற மூட்டுகளிலும் பெரும்பாலும் அடையாளம் இருக்கும். நாம் பேசும் பிள்ளைகளோ சாதாரணமாகத் தவழ்ந்து, எழுந்து, நடந்து, பிறகே விறைத்தவர்கள். இரட்டையர் கதையும் தோன்றும் அளவுக்கு வலுவானதல்ல. இரட்டைக் குழந்தைகள் பெரும்பாலும் எடை குறைந்து பிறக்கின்றன, ஒன்றாக நோயுறுகின்றன, ஒரே விடுதியில், ஒரே தாதியின் கையால், ஒரே மருந்தை ஒரே இடத்தில் பெறுகின்றன. இரத்த உறவு என்று எடுத்துக்காட்டப்பட்டது, ஒரே கட்டில் அட்டையின் உறவாகவும் இருக்கலாம். உடலமைப்பில் சிலருக்குத் தழும்பு மிகையாக உருவாகும் இயல்பு இருக்கக்கூடும். அப்படியானாலும் அந்த இயல்பைத் தட்டியெழுப்ப ஒரு காயம் வேண்டும்.

இனிக் கத்தியின் கதை. இந்த அறுவைகள் முதலில் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. அமெரிக்காவில் பெனற் 1922இல் நாற்றலைத் தசையின் நாணை நீட்டும் முறையை எழுதினார். தொம்சன் 1944இல், போர்க்காலத்தில், தொடை எலும்பு முறிந்து முழங்கால் விறைத்துப்போனவர்களுக்காக விரிவான ஒரு முறையை வகுத்தார். நடுவில் செல்லும் நேர்த்தசையைச் சுற்றியுள்ள தழும்பிலிருந்து பிரித்தெடுத்து, பக்கத் தசைகளைத் தளர்த்தி, அந்த நேர்த்தசை ஒன்றையே முழங்காலை நீட்டும் வேலைக்கு விடுவது அதன் சாரம். முறிவில் தழும்பு முழங்காலுக்கு அருகே, மூட்டைச் சுற்றி இருக்கும். நேர்த்தசை பெரும்பாலும் நல்லபடியாக இருக்கும். ஊசியால் வந்த நோயில் தழும்பு தொடையின் மேலும் நடுவுமாக இருக்கும். சில பிள்ளைகளில் நேர்த்தசையே கெட்டிருக்கும். பெரியவருக்குத் தைத்த சட்டையைக் கைக்குழந்தைக்குப் போட்டதுபோல் இந்த முறைகள் பிள்ளைகளில் சரியாகப் பொருந்தவில்லை. மேசையில் முழங்கால் நன்றாக மடங்கும். ஆனால் நாணை நீட்டிவிட்டதால் பிள்ளையால் காலை முழுக்க நேராக்க முடியாமல் போகும். படி ஏறும்போது முழங்கால் சரிந்துவிடும். முன்னால் நீளமாக ஓடும் காயம், முழங்காலை மடக்கியதும் இழுபட்டு, அகன்ற தழும்பாக ஆறும்.

இதற்கு மாற்று ஆசியாவிலிருந்துதான் வந்தது. சிங்கப்பூரில் போசும் சோங்கும் 1976இல் இந்தச் சுருக்கத்தின் இயக்கவியலைத் துருவி ஆராய்ந்தார்கள்: எந்தத் தசை சுருங்கினால் முழங்காற் சிரட்டை மேலே இழுபடும், எது சுருங்கினால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் சிரட்டை வெளிப்பக்கம் நழுவும் என்று. மலேசியாவில் பணியாற்றிய சென்குப்தா 1985இல் கீழே நாணைத் தொடாமல், தழும்பு இருக்கும் மேல்முனையிலேயே தசைகளை அவற்றின் பிடிப்பிலிருந்து விடுவித்துக் கீழே இறங்கவிடும் முறையை முன்வைத்தார். நாண் நீட்டப்படாததால் காலை நேராக்கும் பலம் பெரிதும் காக்கப்படுகிறது. இது உண்மையான முன்னேற்றம், அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் இரண்டு எல்லைகள் மாறவில்லை. முதலாவது காலம்: முழங்கால் விறைத்தபடியே பிள்ளை பல ஆண்டு வளர்ந்துவிட்டால், தொடை எலும்பின் கீழ்முனை தட்டையாகி, சிரட்டை மேலேறி, மூட்டின் வடிவமே மாறிவிடும், தசையை எவ்வளவு தளர்த்தினாலும் அந்த மூட்டு பழையபடி வராது. பள்ளிக்கூட வயதின் தொடக்கத்துக்குள் செய்யும் அறுவைக்குப் பலன் அதிகம் என்பது அதனால்தான். இரண்டாவது தழும்பின் இயல்பு: அறுவையும் ஒரு காயம். அதுவும் தழும்பாகவே ஆறும். எலும்பு இன்னும் வளரும். அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் இயன்மருத்துவரின் உதவியோடு முழங்காலை மடக்கிப் பயிற்சி செய்யாத பிள்ளைக்குப் பழைய விறைப்பு திரும்புகிறது. பெரிய நகர வைத்தியசாலையில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை, தம்புள்ளை போன்ற இடத்திலிருந்து வரும் பெற்றோருக்கு ஓராண்டுப் பயணமாகிவிடுகிறது. அந்த ஓராண்டுக்கு நாட்கூலியைத் துறக்க எல்லோராலும் முடியாது.

நோயை உண்மையில் குறைத்தது எது என்பதற்கு ஜப்பான் தெளிவான சான்று. 1961இல் அங்கே அனைவருக்குமான மருத்துவக் காப்புறுதி வந்தது. செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் மருத்துவருக்குக் கட்டணம் கிடைத்தது. சாதாரணத் தடிமலுக்கும் பிள்ளைகளின் தொடையில் ஊசி இறங்கியது. 1973இல் யமனாஷி மாகாணத்தின் கஜிகசாவா என்ற சிறு நகரத்தில், ஒரே பகுதியைச் சேர்ந்த ஏராளமான பிள்ளைகள் விறைத்த காலோடு நடப்பது செய்தியாகியது. தாமாக முன்வந்த மருத்துவர் குழுக்கள் மாகாணம் மாகாணமாகப் பிள்ளைகளைப் பரிசோதித்தன. நாடெங்கும் ஆயிரக்கணக்கில் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். பெற்றோர் சங்கம் அமைத்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 1970களின் நடுப்பகுதியில் குழந்தை மருத்துவர் சங்கம் தேவையற்ற தசை ஊசிகளுக்கு எதிராக எச்சரித்தது. அதன் பின் புதிய நோயாளிகள் அரிதானார்கள். அறுவை முறை எதுவும் இதைச் சாதிக்கவில்லை. அறுவை அறையிலும் பரிசோதனை மேசையிலும் திரண்ட சாட்சியம் சாதித்தது. அந்த அதிர்ச்சி எவ்வளவு ஆழமானது என்றால், பிற நாடுகள் தசையில் போடும் தடுப்பூசிகளில் பலவற்றை ஜப்பான் நெடுங்காலம் தோலின் அடியிலேயே போட்டுவந்தது. கொவிட் தடுப்பூசி வந்தபோது தசையில் போடுவது அங்கே பலருக்குப் புதுமையாக இருந்தது.

இங்கே கடுமையான ஒரு மறுப்பு எழும். பறங்கியையும் மலேரியாவையும் நீங்களே மேலே சொன்னீர்கள். ஊசி இல்லாதிருந்தால் இழந்திருக்கக்கூடிய உயிர்களின் முன், விறைத்த சில முழங்கால்கள் பெரிய விலையா? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. சாகக் கிடக்கும் குழந்தைக்கு வேறு வழியில்லாமல் ஏற்றப்பட்ட மருந்து தழும்பை விட்டுப்போனால், அதற்காக எந்த மருத்துவரையும் குறைகூற மாட்டேன். 1964இன் இலண்டன் பிள்ளைகளில் பலர் அப்படிப் பிழைத்தவர்களே. ஆனால் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், உயிர் காத்த ஊசியும் கால் முடக்கிய ஊசியும் ஒன்றல்ல. பறங்கி ஒழிப்பில் போடப்பட்டது பெரும்பாலும் ஒரே ஒரு ஊசி. விறைத்த தொடைகளின் பின்னால் இருப்பது பல நாள், பல ஊசி, எரிக்கும் மருந்து, சிறிய வயது, ஒரே இடம் என்ற கூட்டு. தடுப்பூசிக்கும் இதே விடைதான். பச்சிளம் பிள்ளையின் தொடை வெளிப்புறத்தில் அரை மில்லிலீற்றர் அளவில், மாத இடைவெளிகளில் போடப்படும் தடுப்பூசி இந்தக் கூட்டில் சேராது. இந்த நோயைக் காட்டித் தடுப்பூசியை மறுக்கும் பெற்றோர், தங்கள் பிள்ளையைக் கக்குவானுக்கும் ஏற்புவலிக்கும் திறந்துவிடுகிறார்கள். ஜப்பானின் பாடம் ஊசியை விலக்குவதல்ல. வாயால் கொடுக்கக்கூடிய மருந்தை ஊசியாக்காமல் இருப்பது.

இலங்கையில் இந்த எண்ணத்துக்கு ஒரு தனி வேர் உண்டு. 1934-35 கொள்ளைநோயின்போது சூரியமல் என்ற இடதுசாரி இயக்கத்தினரோடு கிராமங்களில் நிவாரணப் பணி செய்த டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, பல பத்தாண்டுகளின் பின், பேராசிரியர் சேனக பிபிலேயோடு சேர்ந்து 1971இல் நாட்டின் மருந்து நிர்வாகம் பற்றிய அறிக்கையை எழுதினார். அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதல் தலைவர். விலை குறைந்த, தேவை நிரூபிக்கப்பட்ட மருந்துகளின் பட்டியல். வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயர். எழுதும் மருத்துவர் தன் மருந்துக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கொள்கை. அந்தத் திட்டம் மருந்துச் செலவுக்காகவும் அந்நியச் செலாவணிக்காகவும் எழுந்தது என்பதே வழக்கமான வாசிப்பு. பிள்ளையின் தொடையிலிருந்து பார்த்தால் அது வேறொன்றாகவும் தெரிகிறது: தேவையற்ற மருந்து பணத்தை மட்டுமல்ல, உடலையும் தின்னும். இலவச அரச வைத்தியசாலையில் ஊசிக்குத் தனிக் கட்டணம் இல்லாததால், ஊசி போடத் தூண்டும் ஒரு காரணம் அங்கே பிறப்பதேயில்லை. பணம் கொடுத்துப் பார்க்கும் தனியார் வைத்தியத்துக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே நோயாளியும் மருத்துவரும் ஊசியின் மேல் வைக்கும் பற்று அங்கேதான் நெடுநாள் நீடிக்கிறது.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. தம்புள்ளைக் குளங்களின் கரையில் இப்போது குனைன் ஊசிக்கு வேலையில்லை. கிழக்கு உகண்டாவில் நிலைமை வேறு. மலேரியாவுக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பிட்டத்தில் திரும்பத் திரும்பப் போடப்பட்ட குனைனால், குந்தவும் அமரவும் முடியாத ஏராளமான பிள்ளைகளை கூமி நகர வைத்தியசாலையின் நிபுணர்கள் அறுவை செய்துவந்தார்கள். பிராக்கில் நெவ்கோவ்ஸ்கி காரணம் தெரியாமல் விட்ட இடத்தில் அவர்கள் நிற்கவில்லை. அறுத்த தசையோடு ஊசி வழக்கத்தையும் ஆராய்ந்தார்கள். கடும் மலேரியாவுக்குக் குனைனை விட்டு ஆட்டிசுனேட் என்ற மருந்தைப் பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கும் பரிந்துரைத்தது. உயிர் பிழைக்கும் வீதம் கூடியது என்பதே அதற்குக் காரணம். தொடைகளையும் பிட்டங்களையும் அது எவ்வளவு காத்தது என்பது, அன்று கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் வளர்ந்து நடக்கும் நடையில் தெரியும்.